முள்ளம்பன்றி கேட்ட பிணை

கொடிக்காட்டில் இருந்தது ஒரே ஒரு குட்டை. மற்ற இடமெல்லாம் பாறையும் முள்ளும். அந்த வருஷம் சித்திரையில் கோடை மழை நன்றாகக் கொட்டியதில் குட்டை கரை தளும்ப நிறைந்திருந்தது. இனி ஆடி வரைக்கும் தாகம் இல்லை என்று விலங்குகள் எல்லாம் நிம்மதியாக இருந்தன.

ஒரு நாள் விடியும்போது கரை உடைந்து கிடந்தது.

முதலில் தண்ணீர் குடிக்க வந்த மான்கள் அப்படியே நின்றுவிட்டன. கரையின் நடுவே பெரிய பிளவு. தண்ணீரெல்லாம் பள்ளத்தில் இறங்கி மணலுக்குள் போய்விட்டது. குட்டையின் அடியில் சேறுதான் மிச்சம். சேற்றில் மீன்கள் துடித்தன. கொக்குகளுக்குக் கொண்டாட்டம். மற்ற எல்லோருக்கும் வயிற்றில் நெருப்பு.

புலியும் சிறுத்தையும் இல்லாத சின்னக் காடு அது. அங்கே வழக்கு வம்பு வந்தால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது காரி என்ற காட்டெருமை. காரி யாரையும் அடித்துத் தின்னாது. யாருக்கும் பயப்படவும் செய்யாது. அதனால்தான் அதை அந்த இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

பயப்படாது என்று காடு நினைத்தது. காரிக்கும் ஒரு பயம் இருந்தது. போன மழைக்காலத்தில் வந்த பயம் அது.

அப்போது ஒரு நரி, மயில் குஞ்சைத் தூக்கியதாக வழக்கு. விசாரணை நாள் வரைக்கும் நரியைப் பிணையில் விடலாம் என்று காரி சொன்னது. நரி அன்றைக்கே மலையைத் தாண்டி ஓடிப்போனது. அதன் பிறகு காரி போகும் இடமெல்லாம் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. "தலை மட்டும்தான் பெருசு" என்று ஒரு காட்டுப்பன்றி சொன்னதைக் காரி தன் காதாலேயே கேட்டது. கேட்காதது போல் புல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதே காட்டுப்பன்றிதான் இன்றைக்கும் கரையில் முன்னால் நின்றது. அதன் பெயர் உறுமன். கரையோரச் சேற்றிலிருந்து எதையோ கவ்வி எடுத்துக்கொண்டு வந்து காரியின் முன்னால் போட்டது. கறுப்பும் வெள்ளையுமாக நீளமான ஒரு முள்.

"இது யாரு முள்ளு, சொல்லுங்க ஐயா" என்றது உறுமன். "இந்தக் காட்டுல முதுகு நிறைய முள்ளை வச்சுக்கிட்டு மண்ணைத் தோண்டிக்கிட்டுத் திரியறவன் யாரு?"

"சிலும்பன்!" என்று கூட்டம் கத்தியது.

சிலும்பன் ஒரு முள்ளம்பன்றி. காட்டின் கிழக்குக் கோடியில், கள்ளிப் புதருக்குக் கீழே வளை தோண்டி, தன் மனைவி மருதியோடு இருந்தது. அதிகம் பேசாது. பொழுது சாய்ந்தால் வெளியே வரும். கிழங்கு தோண்டும், தண்ணீர் குடிக்கும், வளைக்குத் திரும்பும்.

அதைப் பிடித்துவர ஆள் அனுப்ப வேண்டிய தேவையே வரவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதுவே வந்து நின்றது.

"என்னைத் தேடறாங்கன்னு முயல் வந்து சொல்லுச்சுங்க ஐயா. அதான் வந்தேன்."

காரி கேட்டது. "நேத்து சாயந்தரம் இங்க வந்தியா?"

"வந்தேங்க. தினமும் வர்றதுதான். தண்ணி குடிச்சேன். ஓரத்துல கோரை மண்டிக் கிடக்குதே, அதுல ரெண்டு கிழங்கு தோண்டி எடுத்தேன். மருதிக்குக் கோரைக்கிழங்குன்னா இஷ்டம்."

உறுமன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. "கேட்டீங்களா? தோண்டினேன்னு அவன் வாயாலேயே சொல்லிட்டான்."

"கரையைத் தோண்டலைங்க" என்றது சிலும்பன். "கோரையைத்தான் தோண்டினேன்."

அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தாகம் எடுக்கப் போகிறது என்ற பயம் எல்லோரையும் பிடித்திருந்தது. யாராவது ஒருவர் செய்த குற்றம் என்று ஆகிவிட்டால் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் அல்லவா?

அன்றைக்கே சிலும்பனை மொட்டைப் பாறைக் குகையில் அடைத்தார்கள். குகையின் தரையும் கல், சுவரும் கல். தோண்டி வெளியே வர வழியில்லை. வாசலை மூட ஒரு பாறாங்கல் இருந்தது. அதை நகர்த்தும் பலம் காட்டில் ஒரே ஒரு நெற்றிக்குத்தான் உண்டு. காரி தன் நெற்றியைக் கொடுத்துத் தள்ளியது. கல் உருண்டு வாசலில் உட்கார்ந்தது. ஓரத்தில் ஒரு சின்ன இடுக்கு மட்டும் மிஞ்சியது.

மறுநாள் காலையில் நாவல் மரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். சிலும்பனுக்காகப் பேச வந்தது தாவி என்ற மந்தி. மரத்தில் வாழும் தாவிக்கும் வளையில் வாழும் சிலும்பனுக்கும் உறவு ஒன்றும் இல்லை. ஆனால் பேசத் தெரியாதவர்களுக்காகப் பேசுவது தாவியின் வழக்கம்.

"ஐயா, நம்ம காட்டு முறை உங்களுக்குத் தெரியாதது இல்லை" என்று தாவி தொடங்கியது. "விசாரணை பௌர்ணமி கழிஞ்ச காலையிலதான். அதுவரைக்கும் அவன் குற்றம் சாட்டப்பட்டவன். குற்றவாளி இல்லை. யாராவது பிணை நின்னா அவன் வளையில அவன் இருக்கலாம். அடைச்சு வைக்கிறது எப்போ? அவன் ஓடிப்போவான்னு பயம் இருந்தா. சாட்சியை மிரட்டுவான்னு பயம் இருந்தா. தடயத்தை அழிப்பான்னு பயம் இருந்தா. இல்லைன்னா வெளிய போய் மறுபடியும் அதே தப்பைச் செய்வான்னு பயம் இருந்தா."

"எல்லாப் பயமும் இருக்கு" என்றது உறுமன்.

"எங்க இருக்கு? ஓடிப்போறவன் கூப்பிடாமலே வந்து நிப்பானா? அவன் பெண்டாட்டிக்கு முன்னங்கால் ஒண்ணு இல்லை. கண்ணியில மாட்டிப் போச்சு. அவளை விட்டுட்டு அவன் எங்க ஓடுவான்? கூட்டிக்கிட்டுத்தான் எவ்வளவு தூரம் ஓடுவான்?"

காரிக்கு அது சரியென்று பட்டது.

"அவனைக் கரையில பார்த்ததா சொல்றது யாரு? ஆள்காட்டிக் குருவி. பறக்கிற பறவையை மண்ணுல நடக்கிற இவன் எப்படி மிரட்டுவான்? தடயம்னா அந்த உடைஞ்ச கரைதான். அதை ராத்திரி பகலா எல்லாரும் சுத்தி நின்னு பார்த்துக்கிட்டு இருக்கோம். மறுபடியும் உடைப்பான்னு சொல்றதுக்குத் தண்ணி எங்க இருக்கு?"

அதுவும் காரிக்குச் சரியென்றே பட்டது.

"நான் பிணை நிக்கிறேன்" என்று கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு முயல் சொன்னது. சிலும்பனின் வளைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் முயல் அது.

உறுமன் சிரித்தது. "இவன் ஓடிட்டா முயலைப் பிடிச்சு உள்ள வைப்பீங்களா? நல்லா இருக்கு. ஐயா, குட்டையே போயிடுச்சு. காடு முழுக்கச் சாகப் போகுது. சின்னத் தப்பா இது? இவ்வளவு பெரிய தப்புக்குப் பிணையா?" பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "நரி கதை மாதிரி ஆயிடப் போகுது" என்றது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

காரிக்குக் காது மடல் சூடேறியது. தாவி சொன்ன ஒவ்வொன்றுக்கும் தன்னிடம் பதில் இல்லை என்று அதற்குத் தெரியும். உறுமன் சொன்னதில் கோபம்தான் இருக்கிறது, காரணம் இல்லை என்றும் தெரியும். ஆனால் மனசு வேறு ஒரு கணக்குப் போட்டது. வெளியே விட்டு அவன் ஓடிப்போனால் பழி என் தலையில். உள்ளே வைத்து அவன் நிரபராதி என்று ஆனால் பழி யார் தலையிலும் இல்லை. 'விசாரணை நடந்தது, விட்டுவிட்டோம்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

காரி தொண்டையைச் செருமியது.

"விஷயம் பெருசு. இப்போதைக்கு விட முடியாது. பௌர்ணமி வரைக்கும் உள்ளயே இருக்கட்டும்."

கூட்டம் தலையாட்டியது. "இதுதான் நியாயம்" என்று ஒரு மான் சொன்னது. நரி ஓடிய பிறகு காரி தன் காதில் கேட்ட முதல் பாராட்டு அது. இனித்தது.

கூட்டம் கலைந்ததும் காரி குகைக்குப் போய் இடுக்கு வழியாகச் செய்தியைச் சொன்னது. உள்ளே முட்கள் உரசும் சத்தம் இடுக்கை நெருங்கி வந்தது. பிறகு சிலும்பன் பேசியது.

"பிணை வேண்டாங்க ஐயா. பொழுது சாயும்போது ஒரு தடவை வெளிய விடுங்க, போதும். நீங்களே கூட வாங்க. மருதிக்குக் கிழங்கு தோண்டிப் போட்டுட்டுத் திரும்பி வந்துடறேன். மூணு காலால அவளால தோண்ட முடியாது."

"அதுக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றது காரி. "மான் கூட்டத்துக்கிட்டயும் முயல் கூட்டத்துக்கிட்டயும் சொல்லிடறேன். நீ கவலைப்படாதே. காடு அவளைப் பார்த்துக்கும்."

"காடுன்னா யாருங்க ஐயா?"

கேள்வி காரிக்குப் புரியவில்லை. "எல்லாரும்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது.

காரி சொன்னபடியே செய்தது. மான்களிடம் சொன்னது. முயல்களிடமும் சொன்னது. இரண்டு கூட்டமும் சரி என்றன.

முதல் சில நாட்கள் பக்கத்து வளை முயல் இலையும் தண்டும் கொண்டுபோய் மருதியின் வளை வாசலில் வைத்தது. மருதி நொண்டிக்கொண்டு வந்து, "அவர் எப்போ வருவார்?" என்று கேட்கும். "பௌர்ணமிக்கு" என்று முயல் சொல்லும். "அவர் எதுவும் பண்ணலை. உனக்குத் தெரியும் இல்ல?" என்று மருதி கேட்கும். "தெரியும் அக்கா" என்று முயல் சொல்லும்.

வெயில் ஏற ஏறக் காடு காய்ந்தது. சேறு பாளம் பாளமாக வெடித்தது. பச்சை இலை அரிதானது. மலைக்கு அந்தப் பக்கத்து ஓடையில் தண்ணீர் இருக்கிறது என்று செய்தி வந்ததும் மான்கள் கிளம்பின. போகும்போது, மருதியை முயல்கள் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தன. சில நாள் கழித்து முயலும் தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது. மான் கூட்டத்தில் யாராவது பின்தங்கி இருப்பார்கள், ஐயா ஏற்பாடு செய்திருக்கிறாரே என்று அது நினைத்தது. மருதியிடம் சொல்லிக்கொள்ள அதற்கு வெட்கமாக இருந்தது. சொல்லாமலே போய்விட்டது.

தாவி காட்டை விட்டுப் போகவில்லை. அத்திப் பழமோ விளாங்காயோ எது கிடைத்தாலும் குகை இடுக்கில் போட்டுவிட்டு வரும். குகைச் சுவரில் கசியும் ஈரத்தை நக்கிச் சிலும்பன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மருதி எப்படி இருக்கா?" என்று தினமும் கேட்கும்.

"முயல் பார்த்துக்குது" என்று தாவி சொல்லும். தாவி அப்படித்தான் நம்பியது. கிழக்குக் கோடியில் மரம் கிடையாது. வெறும் கள்ளியும் சூடான கல்லும்தான். மரம் விட்டு மரம் தாவும் மந்திக்கு அந்தப் பக்கம் போக வேலையில்லை.

பௌர்ணமி வந்தது. மறுநாள் காலையில் காரி நாவல் மரத்தடிக்கு வந்தது. பாதிக் கூட்டம்கூட இல்லை. ஓடைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. முக்கியமாக ஆள்காட்டி வரவில்லை. பரல் கல்லில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று ஒரு காக்கை வந்து சொன்னது.

"சாட்சி இல்லாம விசாரணை எப்படி?" என்றது உறுமன். "அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளி வையுங்க."

தாவி கிளையிலிருந்து கீழே இறங்கி வந்தது. அது தரையில் இறங்கிப் பேசுவது அபூர்வம்.

"ஐயா, விசாரணை தள்ளிப்போனது அவன் குற்றம் இல்லை. சாட்சி வராததுக்கு அவனை ஏன் இன்னொரு மாசம் உள்ள வைக்கணும்? இப்பவாவது பிணையில விடுங்க. நான் நிக்கிறேன் பிணை."

காரி யோசித்தது. இந்த முறை மறுப்பதற்கு அதற்கே சங்கடமாக இருந்தது. உறுமனைப் பார்த்தது. உறுமன் கால் குளம்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது.

"சரி, விடலாம்" என்றது காரி. தாவியின் முகம் மலர்ந்தது. "ஆனா பிணை நிக்கிறவர் மானுக்குக் குறையாத உருவமா இருக்கணும். அப்படி ரெண்டு பேர் வேணும். அவங்க இந்தக் காட்டுலயே இருக்கணும்."

தாவி சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தது.

"ஐயா, மான் எல்லாம் ஓடைக்குப் போயிடுச்சு. மானுக்குக் குறையாத உருவம் இப்போ இந்தக் காட்டுல உங்களையும் உறுமனையும் தவிர யாரு இருக்கா?"

"தேடிப் பார்" என்றது காரி.

"கதவைத் திறந்து வச்சுட்டுக் குறுக்க சுவர் கட்டற மாதிரி இருக்குங்க ஐயா இது."

காரி திரும்பி நடந்தது. விட மாட்டேன் என்று சொன்னால் மனசு உறுத்தும். விட்டுவிட்டால் ஊர் சிரிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று அதற்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதி அன்று பொழுது சாயும் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. கிழக்கே பார்த்தபடி நின்றபோது, ஒரு நடை போய் மருதியைப் பார்த்துவிட்டு வரலாமா என்று காரிக்குத் தோன்றியது. பிறகு, சொல்லித்தான் வைத்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் நிழல் இருந்த பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

தாவி ஓடை வரைக்கும் போனது. மான்களிடம் கெஞ்சிப் பார்த்தது. "குட்டியைத் தண்ணியில்லாத காட்டுக்கு எப்படி இழுத்துக்கிட்டு வர்றது?" என்று மான்கள் கேட்டன. அதிலும் நியாயம் இருந்தது. புதருக்குள் பதுங்கியிருந்த முயல் தாவியின் கண்ணில் படவில்லை. தாவி தனியாகத் திரும்பி வந்தது.

அடுத்த பௌர்ணமியும் கழிந்தது. மேற்கே மேகம் கட்டியிருந்தது. ஓடைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பியிருந்தார்கள். ஆள்காட்டியும் வந்தது.

காரி அதைக் கேட்டது. "அன்னைக்கு சாயந்தரம் நீ என்ன பார்த்தே?"

"சிலும்பனைப் பார்த்தேன்" என்றது ஆள்காட்டி. "கோரைப் பக்கம் நின்னு ரெண்டு கிழங்கு எடுத்துச்சு. தண்ணி குடிச்சுச்சு. உடம்பை ஒரு உதறு உதறிட்டுப் போயிடுச்சு."

"அப்போ கரை?"

"கரைக்கு என்ன? நல்லா இருந்துச்சு. தண்ணியும் நிறைய இருந்துச்சு. அது போன பிறகு நான் ரொம்ப நேரம் கரையிலதான் மேஞ்சுக்கிட்டு இருந்தேன்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. காரி ஒரு அடி முன்னால் வந்தது. "இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"யாரும் கேட்கலையே ஐயா. சிலும்பனைப் பார்த்தியான்னு உறுமன் கேட்டாரு. பார்த்தேன்னு சொன்னேன். அவ்வளவுதான் கேட்டாரு."

எல்லோரும் உறுமனைப் பார்த்தார்கள். உறுமன் கீழே பார்த்தது. அது பொய் எதுவும் சொல்லவில்லை. அதற்கும் தாகம், அதற்கும் குட்டிகள். கோபத்தில் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

"வாங்க, கரையைப் போய்ப் பார்க்கலாம்" என்றது காரி.

கரை உடைந்த அன்று அங்கே ஒரே சேறாக இருந்தது. இப்போது சேறு காய்ந்து உதிர்ந்திருந்தது. பிளவின் இரண்டு பக்கமும் மண் சுவர் போல நின்றது. அந்தச் சுவரில் கையளவு அகலத்தில் கறுப்பாக ஓட்டைகள் தெரிந்தன. தாவி ஒன்றில் கையை விட்டது. பொடிப் பொடியாக இற்றுப்போன வேர் வந்தது.

கரைமேல் முன்பு ஒரு வாகை மரம் நின்றது. பட்டுப்போய் விழுந்து நாளாகிறது. மண்ணுக்குள் இருந்த வேர் மெதுவாக இற்று, உள்ளே குழாய் போல வழி விட்டிருக்கிறது. அந்த வழியில் நண்டுகள் வளை போட்டிருக்கின்றன. கோடை மழையில் குட்டை நிறைந்ததும் தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டது.

யாரும் உடைக்கவில்லை. கரை தானாக உடைந்தது.

காரி நேரே மொட்டைப் பாறைக்கு நடந்தது. கூட்டம் பின்னால் போனது. காரி நெற்றியைக் கொடுத்துக் கல்லைத் தள்ளியது. கல் நகர்ந்தது.

உள்ளேயிருந்து சிலும்பன் வந்தது. முதுகில் பாதி முள் உதிர்ந்திருந்தது. தோல் தொங்கியது. வெளிச்சம் தாங்காமல் தலையைத் திருப்பிக்கொண்டது.

"நீ குற்றவாளி இல்லை சிலும்பா. விசாரிச்சு முடிச்சாச்சு" என்றது காரி. "நீ போகலாம்."

ஏதாவது சொல்லும் என்று எல்லோரும் நின்றார்கள். சிலும்பன் மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தது. கிழக்கே திரும்பி நடக்கத் தொடங்கியது. கால் பின்னியது. இருந்தும் நிற்கவில்லை.

மான்களுக்கு நடுவே நின்ற பக்கத்து வளை முயலைக் காரி பார்த்தது. "மருதி எப்படி இருக்கா?"

முயல் மானைப் பார்த்தது. மான் முயலைப் பார்த்தது.

காரிக்குப் புரிந்துவிட்டது. அதுவும் சிலும்பன் பின்னால் நடந்தது. பெரிய உடம்பு, பெரிய கால்கள். நினைத்தால் சிலும்பனைத் தாண்டி முன்னால் போயிருக்கலாம். தாண்டிப் போக அதற்குத் தைரியம் வரவில்லை.

கள்ளிப் புதருக்குக் கீழே வளை வாசலில் மருதி கிடந்தது. உயிர் போய் நாளாகியிருந்தது. கிழங்கு தேடி வாசலைச் சுற்றி ஒற்றை முன்னங்காலால் கீறிப் பார்த்த அடையாளங்கள் இருந்தன. ஒன்றும் ஆழமாக இல்லை. கள்ளியின் அடித்தண்டு, மருதியின் வாய் எட்டிய உயரம் வரைக்கும் கடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே பச்சையாகவே இருந்தது.

சிலும்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மருதியின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணை நக்கித் துடைத்தது. நீண்ட நேரம் அப்படியே இருந்தது. தூரத்தில் இடி உறுமியது. கூட்டம் நெருங்கி வரவில்லை.

"சிலும்பா" என்றது காரி.

சிலும்பன் திரும்பாமலேயே பேசியது. குரலில் கோபம் இல்லை. அதுதான் காரிக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுங்களா ஐயா? நான் கரையை உடைச்சிருந்தா எனக்கு என்ன தண்டனை?"

காரி மெதுவாகச் சொன்னது. "காட்டை விட்டுப் போகணும்."

"அவளையும் கூட்டிக்கிட்டுப் போக விட்டிருப்பீங்களா?"

"விட்டிருப்பேன்."

"அப்போ நான் உடைச்சேன்னு அன்னைக்கே ஒத்துக்கிட்டு இருக்கலாங்க ஐயா" என்றது சிலும்பன். "மெதுவா நடந்து போயிருப்போம். எங்கேயாவது இருந்திருப்போம். குற்றம் செஞ்சவனுக்கு இருக்கிற தண்டனையைவிடச் செய்யாதவனுக்குப் பெருசாப் போச்சு."

காரி தலையைத் தாழ்த்தியது. கல்லைத் தள்ளிய நெற்றி மண்ணில் படும் வரைக்கும் தாழ்த்தியது.

சிலும்பன் மருதியை வளைக்குள் இழுத்து வைத்தது. வாசல் மண்ணைத் தள்ளி மூடியது. உதவிக்கு வந்த தாவியை வேண்டாம் என்றது. மூடி முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கள்ளிப் புதரைக் கடந்து, மலைப் பக்கமாக நடந்து போனது. மழை தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதன் காலடித் தடம்கூடத் தெரியவில்லை.

விலங்குகள் சேர்ந்து கரையை அடைத்தன. குட்டை மறுபடி நிறைந்தது. கொடிக்காட்டில் எல்லாம் பழையபடி ஆனது.

காரி மட்டும் பழையபடி ஆகவில்லை. அடுத்த கோடையில் ஒரு காட்டுப்பூனை மேல் வழக்கு வந்தது. கௌதாரிக் குஞ்சைத் தின்றதாகப் புகார். "உள்ள வையுங்க ஐயா" என்றது உறுமன். ஒரு முயல் பிணை நிற்க முன்வந்தது. ஓடுவதற்குக் காரணம் ஏதும் தெரிகிறதா என்று காரி கேட்டது. யாராலும் சொல்ல முடியவில்லை. காரி காட்டுப்பூனையைப் பிணையில் விட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் காட்டுப்பூனை ஓடிப்போனது.

மறுபடியும் காடு சிரித்தது. ஏசியது. தலை மட்டும்தான் பெருசு என்ற சொல் மறுபடியும் வந்தது. இந்த முறை காரி கேட்காதது போல் நிற்கவில்லை. நிமிர்ந்து கேட்டுக்கொண்டது. பிறகு பூனையைத் தேட நாலு திசைக்கும் ஆள் அனுப்பியது. மழைக்கு முன்னால் பூனை பிடிபட்டது. விசாரணை நடந்தது, தண்டனையும் கிடைத்தது.

அடுத்து வந்த வழக்கிலும் காரி பிணை கொடுத்தது.

ஓடிப்போனவரைத் தேடிப் பிடித்துவிடலாம், ஆனால் குற்றம் தெளியும் முன்பே ஒருவரிடமிருந்து பறித்த நாட்களை எந்தத் தீர்ப்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.